கோழிமுட்டையான வட்டம்



நம்மில் பலருடைய தெருவுக்குள் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் எது? அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான்! 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களோடு பாலிடெக்னிக் மாணவர்களும் பயன் பெற்றார்கள். அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது.

எங்கள் வீட்டிலிருப்பதும் அப்படி ஒன்றுதான். பள்ளியில் அதை வாங்கிய பக்கத்து வீட்டு அக்கா, "டிப்ளமோ படிக்கிறேல்ல, நீ வச்சுக்கடா" என்று கொடுத்தார். ஹார்டு டிஸ்க் மாற்றி, யாரோ புதிதாக லினக்ஸ் ஏற்றியிருந்தார்கள். வலையங்குளம் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகும் அம்மாவும், லோடு ஏற்றும் அப்பாவும் அதைத் தொடுமுன் கையைத் துடைத்துக் கொள்வார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான்!

ஆனால் திரையில் எழுத்தெல்லாம் கொழுத்து மங்கிக் கிடந்தது. லிப்ரேகேடில் வரைந்த வட்டமோ கோழிமுட்டையாகப் படுத்திருந்தது! மெஷின் டிராயிங் கொடுக்கப் பத்து நாள்தான் பாக்கி. டவுனில் ஒரு கடையில் காட்டினேன்.

"டிஸ்ப்ளே போயிருச்சு தம்பி. மாத்துனா நாலாயிரம் ஆகும்."

வீட்டில் சொன்னதும் அம்மா, "அம்புட்டுக் காசுக்கு எங்கிட்டுப்பா போறது?" என்றது.

அன்றிரவு ஸ்கேலை எடுத்துத் திரையிலேயே வைத்து அளந்தேன். வட்டத்தின் அகலம் 8 செ.மீ., உயரம் 6 செ.மீ. செட்டிங்ஸில் 1024 x 768 என்று ஒரே ஓர் அளவுதான் இருந்தது. அந்தத் திரைக்கு உண்மையில் அகலவாக்கில் 1366 புள்ளிகள், உயரவாக்கில் 768. 1366-ஐ 1024-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.33. எட்டை ஆறால் வகுத்தாலும் அதே 1.33! கெட்டுப்போன திரை இவ்வளவு சரியாகக் கணக்குப் போடுமா? கோளாறு கண்ணாடியில் இல்லை, திரைக்குப் போகும் கட்டளையில் என்று புரிந்தது.

இரண்டு நாள் லேபில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஒவ்வொரு திரையும் தன் அளவைத் தனக்குள்ளேயே குறித்து வைத்திருக்கிறது. லினக்ஸின் கெர்னல் அதைக் கேட்டுப் பொருத்திக்கொள்ளும். இன்டெல் சிப்புகளுக்கு 2009 முதல் இந்த வசதி உண்டு. லினக்ஸ் ஏற்றும்போது திரை இருண்டுவிட்டால், 'நோமோட்செட்' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சமாளிப்பார்கள். அந்த வார்த்தை இருக்கும்வரை கெர்னல் திரையிடம் அளவே கேட்காது. பயாஸில் உள்ள 800 x 600, 1024 x 768 போன்ற பழைய அளவுகளில்தான் ஓடும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டிய அந்த வார்த்தை, எங்கள் மடிக்கணினியில் அப்படியே தங்கிவிட்டது!

ஷிப்ட் பொத்தானை அழுத்தியபடி ஆன் செய்து, க்ரப் மெனு வந்ததும் 'ஈ' எழுத்தைத் தட்டி, அந்த வார்த்தையை அழித்தேன். கண்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினேன். இந்த மாற்றம் ஒரு தடவைக்குத்தான். சரிவராவிட்டால் மறுபடி ஆன் செய்தால் பழையபடி வந்துவிடும், பயமில்லை. திரை பளிச்சென்று விரிந்தது! அளந்தேன். அகலமும் 6, உயரமும் 6! பிறகு க்ரப் கோப்பிலும் அதை நீக்கி, 'சூடோ அப்டேட்-க்ரப்' கொடுத்து நிலையாக்கினேன். டிராயிங்கும் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

"என்னத்தப்பா செஞ்ச?"

"ஒரு வார்த்தையை அழிச்சேம்மா."

"ஒரு வார்த்தைக்கா நாலாயிரம் கேட்டாய்ங்க?"

நண்பர்களே! திரையில் கோடு விழுந்தாலோ, ஒரு பக்கம் கறுத்துப் போனாலோ அது திரைக் கோளாறாகவே இருக்கலாம். ஆனால் வட்டம் முட்டையானால் முதலில் அளந்து பாருங்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் நமக்கு, விவரம் தெரிந்தவர் "இது இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டால் தலையாட்டிவிட்டு வரும் பழக்கம் இருக்கிறது. நாம் கற்கும் படிப்பு, அந்த இடத்தில் ஸ்கேலை எடுப்பதற்குத்தான்.

உங்கள் ஊரிலும் பீரோ மேல் பழைய மடிக்கணினி தூசி படிந்து கிடக்கும். எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்!