கூட்டுக்கு ஒரு ரேட், தனி ஆளுக்கு ஒரு ரேட்!

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைத் தனியார் கம்பெனிகள் விற்க முடியாது. அரசு நிதியில்தான் பிரீமியம் கட்ட வேண்டும் (சுயகாப்பீடு அனுமதி வாங்கிய பெரிய நிறுவனங்கள் தவிர). சின்னப் பட்டறைக்காரர் வருஷக்கணக்கில் விபத்தே இல்லாமல் ஓட்டினாலும், தனியாக நின்றால் பெரிய தள்ளுபடி கிடையாது. அதற்காகத்தான் குரூப் ரேட்டிங். பல முதலாளிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே பெரிய நிறுவனம் போலக் கணக்குப் போடுவார்கள்.

சேர்த்துவிடும் ஸ்பான்சர் யார்? நாலு பேர் கூடி நேற்று போர்டு மாட்டிய சங்கமெல்லாம் செல்லாதுங்க. குறைந்தது 2 வருஷமாவது இருந்திருக்க வேண்டும். இந்தத் தள்ளுபடிக்காகவே ஆரம்பித்ததாகவும் இருக்கக் கூடாது. குரூப்பில் 100 பேராவது வேண்டும், இல்லையென்றால் மொத்த பிரீமியம் 1,50,000 டாலரைத் தாண்ட வேண்டும். உறுப்பினர்களின் தொழிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். விபத்துத் தடுப்புக்கும் ஏதாவது செய்து காட்ட வேண்டும்.

விதி கறார்தான். ஆனால் விபத்து இல்லாதவர்களாகப் பொறுக்கிச் சேர்ப்பதை அது தடுக்கவில்லையே! ஒரு காலத்தில் தள்ளுபடி 95% வரை போனது. அந்தப் பாரம் வெளியே நின்றவர்கள் தலையில். அவர்கள் வழக்குப் போட்டார்கள்; 2014-ல் 42 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. உச்சவரம்பும் படிப்படியாக 53% ஆகக் குறைந்தது.

ஆனாலும் ஒரு தொழிலாளிக்குப் பெரிய காயம் பட்டால், அடுத்த வருஷம் அந்த முதலாளியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது குரூப் நடத்துபவர் கையில்தான்...