சாமர்வெல் இறங்கி வந்த ஊர்

சனிக்கிழமை

இரணியல் ஸ்டேஷனில் இறங்கும்போது காலை ஆறரை மணி. மார்கழிக் குளிர் என்று சொல்ல முடியாது. ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால் போதும். ஆட்டோக்காரரிடம் "நெய்யூர்" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கா சாரே?"

"இல்லண்ணே, ஊர் பாக்க."

வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தார். "இங்க பாக்கதுக்கு என்ன உண்டு?"

வழியெல்லாம் தென்னையும் வாழையும். ஒரு வளைவில் வீடுகள் விலகியபோது வடகிழக்கே வேளிமலை தெரிந்தது. அடிவாரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை, இந்தப் பக்கம் நெய்யூர். மலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர் இது. மலையில் பிறக்கும் வள்ளியாறு சில மைல் தூரம் ஓடியதும் கடலில் சேர்ந்துவிடும்.

நண்பனின் அம்மா வீட்டில் தங்கல். ஓட்டு வீடு, செம்மண் முற்றம். நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார். எவரெஸ்ட் ஏறப் போன ஒருவர் இந்த ஊரில் டாக்டராக இருந்தாராமே, அந்த ஊரைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"மலையேறினது எல்லாம் எனக்குத் தெரியாது மக்களே. எங்க பாட்டாவுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணினது அவருதான். அதுக்கு அப்புறம் பாட்டா பத்து முப்பது வருசம் பனையேறினாரு."

அவர் சொன்னது சாமர்வெல்லை. இந்தப் பக்கத்தில் அது பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்.

ஞாயிற்றுக்கிழமை

மணிச் சத்தத்தில் விழித்தேன். தெருவே ஆலயத்துக்குப் போயிருந்தது. நாய் ஒன்றும் நானும்தான் மிச்சம். லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மீட் 1828இல் நெய்யூரைத் தன் தலைமையிடம் ஆக்கிக்கொண்டார். அன்றைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியத் தடை இருந்தது. அதை எதிர்த்து எழுந்த தோள்சீலைப் போராட்டம் 1859இல் அரசர் உத்தரவு போடும்வரை ஓயவில்லை. அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் இந்த மிஷன் ஊர்கள் வளர்ந்தன.

1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற டாக்டர் வந்து இங்கே வைத்தியம் தொடங்கினார். பின்னால் வந்த டாக்டர் லீட்ச் 1854இல் கடலில் குளிக்கப் போய் மூழ்கி இறந்தார். அடுத்து 1861இல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். வெளியிலிருந்து ஒருவர் வந்து சேரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது என்பதை முதலில் புரிந்துகொண்டவர் அவர் என்று தோன்றுகிறது.

மத்தியானம் திண்ணையில் படுத்துக்கொண்டு சாமர்வெல்லைப் பற்றி வைத்திருந்த குறிப்புகளைப் புரட்டினேன். 1916, முதல் உலகப் போரின் சோம் போர்க்களம். சில டாக்டர்கள், கூடாரங்களுக்கு வெளியே ஏக்கர் கணக்கில் ஸ்ட்ரெச்சர்களில் காயம்பட்டவர்கள். யாரை முதலில் தூக்குவது என்று பார்த்து நடந்த இளம் டாக்டர்களில் அவர் ஒருவர். 1922இல் எவரெஸ்ட். பனிச்சரிவில் சுமைதூக்கிகள் ஏழு பேர் இறந்தார்கள். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், நெய்யூரில் ஒரே ஒரு அறுவை மருத்துவரும் வாசல் நிறையக் கூட்டமுமாக நிற்பதைக் கண்டார். லண்டனில் நல்ல வேலை அவருக்குக் கிடைத்திருக்கும். அவர் நெய்யூரைத் தேர்ந்தெடுத்தார்.

இடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு 1924இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். ஜூன் 4 அன்று, ஆக்சிஜன் இல்லாமல், ஏறத்தாழ 28,000 அடியில் தொண்டை அடைத்து உட்கார்ந்துவிட்டார். கூட வந்த நார்ட்டன் இன்னும் கொஞ்சம் ஏறித் திரும்பினார். இறங்கும் வழியில் சாமர்வெல்லுக்கு மூச்சே நின்றுபோனது. பனியில் குளிர்ந்து புண்ணான தொண்டையின் உள்தோல் பிய்ந்து குழாயை அடைத்திருந்தது. சாகத் தயாராக உட்கார்ந்தவர், கடைசியாக இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்தினார். அது வெளியே வந்து விழுந்தது. அதே குழுவில் இருந்து, அவரிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு உச்சிக்கு ஏறப் போன மல்லோரி திரும்பவில்லை. 1999இல் மல்லோரியின் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை.

நெய்யூரில் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் பாடம் நடத்தினார்.

திங்கட்கிழமை

திங்கள்சந்தைக்கு அம்மாவோடு போனேன். கிழமையே ஊர்ப் பெயரான இடம். மட்டிப்பழக் குலை, கருப்பட்டி, நெத்திலி, மண் ஒட்டிய மரச்சீனிக் கிழங்கு. அம்மா ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தார். உள்ளே நீல வரி ஓடியிருந்ததைத் தள்ளிவிட்டு வெள்ளை வெளேரென்று இருந்ததை எடுத்தார்.

வீட்டில் அவர் கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுப் பெருவிரலை நுழைத்து நெம்ப, பழுப்புத் தோலும் அதனடியிலிருந்த ரோஸ் நிறத் தோலும் சேர்ந்து சுருளாகக் கழன்றன. வேகவைத்த தண்ணீரை அப்படியே கொட்டினார். "அதுல கட்டு உண்டு, விஷம். ஆடு குடிச்சாக்கூட மயங்கிரும்."

1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பினார். பஞ்ச காலத்தில் ஏழையின் வயிற்றைக் காத்தது மரச்சீனிதான். ஆனால் மரச்சீனி ஒன்றையே தின்று வாழ்ந்தவர்களிடம் குடல் புண் அதிகம் இருப்பதை நெய்யூர் மருத்துவர்கள் கண்டார்கள். சாமர்வெல்லும் உடன் பணிபுரிந்த ஆர் என்பவரும் அதைப் பற்றி 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார்கள். சத்துக் குறைவான சாப்பாட்டின் மேல் அவர்கள் சந்தேகம். குடல் புண்ணுக்குப் பெரும் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி என்று நிறுவிய மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மாத்திரையில் போகிற நோய்க்கு அன்று பெரும்பாலும் கத்திதான் வழி. பாட்டா பனையேறியது அந்தக் கத்தியால்தான்.

மாலை இரணியல் அரண்மனைப் பக்கம் ஒரு நடை. ஒரே கல்லில் செய்த கட்டிலுக்குப் பேர்போனது. வெகுகாலம் கூரை சரிந்து கிடந்தது. திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். பெஞ்சில் பொதிச்சோற்றை மடியில் வைத்தபடி ஒரு கிழவர். எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்த ஒரு பெண். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் பாதித் தூக்கத்தில் எழுந்து ஓடும் ஒரு பையன். ராம்சே வந்து இருநூறு ஆண்டு ஆகப்போகிறது, வரிசை கலையவில்லை. ஆட்டோக்காரர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்த வரிசைதான். கடந்து போயிருக்கக்கூடிய ஒருவர் நின்ற இடம் இது.

நெய்யூர் பார்க்கப் போகிறவர்கள் திங்கட்கிழமை போங்கள், சந்தை இருக்கும். மலை தெரிய வேண்டுமானால் வெயில் ஏறுமுன் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அது நோயாளி வருகிற வழி.