சால்மன் குஞ்சின் முதல் கோடை

பொரிப்பகத்தில் பிறந்து குறியிடப்பட்ட கோஹோ சால்மனின் மூக்குக் குருத்தெலும்புக்குள் 1.1 மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டு ஒன்று இருக்கும். குஞ்சாக இருக்கும்போதே அங்கே செலுத்தியது. வாலுக்கு முன்னால் முதுகிலுள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பையும் நறுக்கிவிடுவார்கள். அந்தத் துடுப்பில்லாத மீன் பிடிபட்டால் அதன் தலை எங்கள் ஆய்வக மேசைக்கு வரும். கம்பியைத் தேடியெடுத்து, கழுவி, நுண்ணோக்கியில் எண்ணைப் படிப்பேன். எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டுக் கூட்டம் என்று எண் சொல்லிவிடும். 3-ஐ 8 என்று படித்தால் ஒரு மீன் வேறு ஆற்றின் கணக்கில் ஏறிவிடும். அதனால் இரண்டாவது ஆளும் படித்த பிறகே பதிவு. எனக்கு இதைவிட நிறைவான வேலை கிடையாது.

விட்ட குஞ்சுகளில் எத்தனை பிடிபட்டன, எத்தனை ஆறு திரும்பின என்று கூட்டிப் பார்த்தால் கடலில் பிழைத்த விகிதம் தெரியும். கனடாவின் வான்கூவர் தீவுக்குக் கிழக்கே ஜார்ஜியா நீரிணை, மேற்கே திறந்த பசிபிக். 1970களில் நீரிணைக்குள் இறங்கிய கோஹோ குஞ்சுகளில் நூற்றுக்குப் பத்து திரும்பிய ஆண்டுகள் உண்டு. 1990களின் முடிவில் அது ஒன்றிரண்டாகிவிட்டது. வெளிக்கரையில் இப்படித் தொடர்ந்த சரிவு இல்லை. ஒரே தீவு, ஒரே இன மீன்.

வடக்கே போனால் கணக்கு தலைகீழ். மியூட்டர், பீட்டர்மேன், பைப்பர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பிங்க், சம், சாக்கை சால்மன்களில் 120 கூட்டங்களை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். குஞ்சுகள் கடலுக்குள் நுழையும் பருவத்தில் கரையோர நீர் வெதுவெதுப்பானால் அலாஸ்காவில் பிழைப்பது கூடுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வாஷிங்டனிலும் குறைகிறது. அப்படியானால் விதியின் பெரும்பகுதி, ஆற்றுவாய் தாண்டிய முதல் சில மாதங்களில், கரையை ஒட்டியே முடிவாகிறது. ஓரிகன், வாஷிங்டன் கரையில் வெப்ப ஆண்டுகளில் கோப்பிப்பாடுகள் என்னும் நுண்ணிய மிதவை உயிரிகளில் தெற்கத்தி இனங்கள் வந்து சேரும். குளிர்நீர் இனங்களின் கொழுப்பு அவற்றில் இல்லை. அவற்றைத் தின்று வளரும் இரையும் சத்துக் குறைந்ததே. நீரிணையில் இன்னொரு சேதி: 1970இல் பாதுகாப்புப் பெற்ற கடல்நாய்கள் அங்கே சுமார் 40,000 ஆகப் பெருகி, சால்மன் குஞ்சுகளையும் தின்கின்றன.

ஆகவே பசிபிக் முழுவதற்கும் ஒரே சராசரி சொல்லும் அறிக்கைகளை நான் ஏற்பதில்லை. அலாஸ்காவின் நல்ல ஆண்டு அதில் நீரிணையின் சரிவை மறைத்துவிடும்.

வான்கூவர் தீவுப் பக்கம் தூண்டில் போடும் வாசகர் யாரேனும் இருந்தால் ஒரு வேண்டுகோள்: கொழுப்புத் துடுப்பில்லாத கோஹோ கிடைத்தால் தலையோடு பிடித்த இடத்தையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். இடம் எழுதாத தலையிலிருந்து பாதிச் செய்திதான் எங்களுக்குக் கிடைக்கும்.