கூவக்கரையும் பெரும்பாக்கமும்

நமது நைனார்பாளையத்திலிருந்து பட்டணம் சென்ற குடும்பமொன்று சிந்தாதிரிப்பேட்டைக் கூவக்கரையில் குடிசை போட்டிருந்தது. அந்த அம்மாள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து வந்தாள். நாலும் கூப்பிடு தூரம். 2015-ம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு, கரையைச் செப்பனிடுவதாகச் சொல்லி, 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

சென்ற மாதம் போய்ப் பார்த்தோம். எட்டு அடுக்குக் கட்டிடம்! ஏறுவதற்குள், கல்வராயன் மலைச் சீமைக்காரரான நமக்கே மூச்சு வாங்கிற்று. ஒழுகாத கூரைதான், குறை சொல்வானேன்? ஆனால், அம்மாள் விடியுமுன் பஸ் ஏறுகிறாள். இரண்டு வீட்டு வேலை போய்விட்டது.

குடிசைப் பகுதிகளை இருந்த இடத்திலேயே சீர்திருத்தவும் 1971-ம் வருஷத்துச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதே ஆற்றங்கரையில் பெரிய கட்டிடங்கள் நிற்கத்தானே செய்கின்றன? வெள்ளம் ஆளைப் பார்த்தா வருகிறது?

"ஊரில் மழை உண்டுங்களா, ஐயா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் மாலை வேலைக்குப் பஸ் பிடிக்க ஓடினாள்.