சாரல் காலத்து முளைத்தீவனம்

ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழைந்ததும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் துவைத்த துணி காய்வதில்லை, அப்பளம் நமத்துப்போகிறது, சாக்கு மூட்டைக்குள் கைவிட்டால் தானியம் ஈரம் தட்டுகிறது. கொல்லையில் பத்து இருபது நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் மக்காச்சோளத்தையும் கம்பையும் தட்டுகளில் பரப்பி, பச்சைப்பாய் போல வளர்த்துத் தீவனமாகப் போடும்போது இந்தக் காற்றையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். முளைத்தீவனம் நல்ல தீவனம்தான். ஆனால் சாரல் மாதங்களில் அதை ஏழு நாள் வளர்க்கக் கூடாது. முளை எட்டிப்பார்த்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே கோழிக்குப் போட்டுவிட வேண்டும்.

ஒரு கிலோ மக்காச்சோளம் ஏழெட்டு நாளில் ஐந்தாறு கிலோ பசுந்தீவனமாகிறது என்பது உண்மை. கூடிய எடையில் பெரும்பகுதி தண்ணீர். வளரும் பயிர் தன் மாவுச்சத்தையே எரித்து வளர்வதால், உலர்ந்த எடை தொடக்கத்தில் இருந்ததைவிடச் சற்றுக் குறையவே செய்யும். இலைப்பச்சையால் மஞ்சள்கரு நிறம் கூடுவது நல்லதுதான். அந்தப் பச்சையைக் கொல்லைக் கீரையும் முருங்கைத் தழையும் கொடுத்துவிடும். முளை விடும்போது மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது. கோழிக்கு எளிதில் செரிக்கும் அந்தச் சர்க்கரை பூஞ்சைக்கும் உணவு. வெதுவெதுப்பு, ஈரம், நெருக்கம் ஆகிய மூன்றும் முளைக்கும் வேண்டும், பூஞ்சைக்கும் வேண்டும். வெயில் நாளில் தட்டின் மேற்பரப்பு அவ்வப்போது உலர்ந்து பூஞ்சையைத் தடுக்கும். சாரலில் அந்தத் தடை இல்லை.

பூஞ்சை பிடித்த தீவனம் என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அந்தச் சாவுகளால்தான். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். பூஞ்சை மட்டுமே ஆபத்தும் அல்ல. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தில் பெருகிய ஈ.கோலை கிருமி ஏறத்தாழ நாலாயிரம் பேரை நோயில் தள்ளியது. ஐம்பது பேருக்கு மேல் உயிரிழந்தனர். விதையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த கிருமி முளைக்கும் ஈரத்தில் பல்கிப் பெருகியதன் விளைவு அது.

குப்பையைக் கிளறித் தின்னும் கோழிக்கு இதெல்லாம் என்ன செய்யும் என்று கேட்பார்கள். குப்பைமேட்டில் கோழி பொறுக்கித் தின்கிறது. பிடிக்காததை விட்டு நகர்கிறது. அடைத்த கூட்டில் பசியோடு நிற்கும்போது தட்டில் போட்டதுதான் அதன் தீனி. அஃப்லாடாக்சின் உடனே கொல்லாவிட்டாலும் ஈரலைக் கெடுத்து, முட்டையைக் குறைத்து, எதிர்ப்புச் சக்தியை அரிக்கும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்ட கோழியும் சாகும்போது ஊசியைக் குறை சொல்கிறோம். தீவனத் தட்டை யாரும் பார்ப்பதில்லை. வெயிலில் காயவைத்தால் போதாதா என்றால், போதாது. காய்ந்தால் பூஞ்சையின் வளர்ச்சி நிற்கும். அது விட்டுச் சென்ற நஞ்சு அப்படியே இருக்கும். சமையல் சூட்டுக்கும் அது அழிவதில்லை. காலங்காலமாக வீட்டில் முளைகட்டிய பயறு தின்கிறோமே என்ற வாதத்தில் என் கருத்துக்கான ஆதரவே இருக்கிறது. துணியில் கட்டிய பயறு ஓரிரு நாளில் வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதை ஏழு நாள் வைத்துத் தின்ன எந்த வீட்டிலும் ஒப்பமாட்டார்கள்.

செய்யவேண்டியவை எளியவை. உடைந்த, கறுத்த மணிகளைப் பொறுக்கி, நீரில் மிதப்பதை எடுத்தெறிய வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துப் பிறகு நல்ல நீரில் பலமுறை அலச வேண்டும். தட்டில் நீர் தேங்கக் கூடாது. விரல் கனத்துக்கு மேல் பரப்பினால் உள்ளே சூடேறும். மணியைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரிந்தால் நீர் தெளித்துப் பார்க்கலாம்: வேர்த்தூவி என்றால் படிந்துவிடும்; படியாமல் வழுவழுத்து நாறினால் பூஞ்சை. ஒரு மூலையில் கண்டாலும் தட்டு முழுவதையும் கொட்டிவிட வேண்டும். விதைக்கடையில் விற்கும் நிறமேற்றிய விதை ஒருபோதும் ஆகாது. அதில் தடவும் திரம் போன்ற மருந்து குஞ்சுகளின் காலை முடக்கும், முட்டை ஓட்டை மெலியவைக்கும். வெள்ளைச் சோளமும் முளைத்தீவனத்துக்கு ஏற்றதல்ல. இளஞ்சோளம் மேய்ந்த மாட்டைக் கொல்லும் அதே சயனைடு நஞ்சு அதன் முளையிலும் உண்டு.

வறண்ட சங்கரன்கோவில் பக்கம் வெயில் காலத்தில் ஏழு நாள் தட்டு சரிப்படலாம். அருவிக்கரை ஊர்களில் சாரல் ஓயும்வரை அது வேண்டாம். கொட்டிய தட்டில் போவது ஒரு கிலோ தானியம். கொட்டாத தட்டின் விலையைக் கோழியும், அதன் முட்டையைத் தின்னும் பிள்ளைகளும் கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்கும் முளையைக் கோழிக்கும் கொடுக்காதீர்கள்.