படம் காட்டுகிறவன் பேசுகிறேன்



"சும்மா படம் காட்டாதடா" என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கு வராது. போன ஆறு மாசமா நான் பார்த்த வேலையே அதுதான். நம் பாலிடெக்னிக் வெப்சைட்டில் ஆலம்பரைக் கோட்டைக்கு ஒரு பக்கம் போடலாம் என்று யூனியன் கூட்டத்தில் முடிவானது. உடனே, "இவன் கடப்பாக்கத்துக்காரன், கோட்டை இவன் வீட்டுக் கொல்லையிலதான் இருக்கு" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். (கொல்லையில் எல்லாம் இல்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தால் கால் வலிக்கிற தூரம்.)

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். முகலாயர் காலத்தில் எழும்பிய செங்கல் கோட்டை அது. 1750-ல் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார். பத்தே வருஷம்தான். 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். மிச்சம் இருப்பதை உப்புக்காற்றும் அலையும் மெதுவாகத் தின்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியும் தன் பங்குக்கு வந்து போனது. நான் சின்னப் பையனாக ஏறி உட்கார்ந்த சுவர்த் துண்டு ஒன்று இப்போது அங்கே இல்லை. சினிமா ஷூட்டிங் பார்க்கப் போகிறவர்களுக்கு அது தெரியாது, எங்களுக்குத் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒன்பது பேருடைய போன்களிலிருந்து 214 படங்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் சராசரியாக நாலரை எம்.பி. பெருக்கிப் பாருங்கள், 963 எம்.பி.! இதை அப்படியே தூக்கி வெப்சைட்டில் போட்டால் என்ன ஆகும்? காலேஜ் லேப்பில் பளிச்சென்று திறக்கும், கைதட்டல் கிடைக்கும். ஆனால் குப்பத்தில் சில வீடுகளில் போனை ஜன்னல் ஓரம் வைத்தால்தான் டவரே எடுக்கும். கோட்டையைப் பற்றிப் போட்ட பக்கத்தைக் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களே பார்க்க முடியாது என்றால் அது யாருக்காக?

இந்த இடத்தில் ஒரு கணக்கு. நம்ம போனில் 12 மெகாபிக்ஸல் படம் என்றால் 4000-க்கு 3000, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். வெப் பக்கத்தில் பார்க்க 1200-க்கு 900 இருந்தால் போதும். அது 10 லட்சத்து 80 ஆயிரம் புள்ளி. பதினொன்றில் ஒரு பங்கு! மீதிப் பத்துப் பங்கையும் பார்க்கிறவர் காசு கொடுத்து டவுன்லோட் செய்கிறார், ஆனால் அவர் போன் திரை அதைக் காட்டுவதில்லை. போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் எங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "இதுல என்னடா அதிசயம்? பாஸ்போர்ட் போட்டோ கேட்டு வர்றவனுக்கு நான் கல்யாண ஆல்பம் சைஸ்லயா பிரிண்ட் போட்டுக் குடுக்குறேன்?" என்றார். நான் அரை மணி நேரம் போர்டில் எழுதி விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

214 படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சுருக்கி, சேமித்து... வேண்டாம், நினைத்தாலே கொட்டாவி வருகிறது. இதற்குத்தான் 'பேட்ச்' வேலை. நான் உபயோகித்தது இர்ஃபான்வியூ. போஸ்னியாவில் பிறந்த இர்ஃபான் ஸ்கில்யான் வியன்னாவில் மாணவராக இருந்தபோது எழுதி 1996-ல் வெளியிட்ட மென்பொருள் இது. மாணவர்களுக்கு இலவசம், நம் லேப்பின் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். திறந்து வைத்துக்கொண்டு 'பி' என்ற எழுத்தை அழுத்தினால் பேட்ச் ஜன்னல் வரும். படங்களை எல்லாம் உள்ளே தள்ளி, நீளப் பக்கம் 1200, தரம் 80, சுருக்கியபின் லேசாகக் கூர்மை என்று ஒருமுறை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போது 214-ம் தயார். மொத்தம் 40 எம்.பி.க்குள் அடங்கிவிட்டது.

டீக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மூலப்படங்கள் ஒரு ஃபோல்டர், சுருக்கியவை வேறு ஃபோல்டர். இதில் சோம்பல் படாதீர்கள். சுருக்கிய படம் மறுபடி விரியாது, விரித்தாலும் பழைய செங்கல் திரும்பி வராது. சில படங்கள் மெசேஜ் செயலி வழியே வந்து ஏற்கெனவே சிறுத்திருக்கும். அவற்றை 1200-க்கு இழுத்தால் இட்லி மாவு மாதிரி ஆகிவிடும், ஆகவே 'சின்னதைப் பெரிதாக்காதே' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தவை சில நேரம் படுத்துக்கொண்டு வரும். 'இந்தப் படத்தை இப்படித் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு படத்துக்குள்ளேயே இருக்கும், அதைப் படித்துத் திருப்பச் சொல்லவும் வசதி உண்டு.

தரம் 80 என்றேனே, அது எல்லாப் படத்துக்கும் பொருந்தும் மந்திரம் கிடையாது. வானமும் கடலும் மட்டும் உள்ள படத்தில் தரத்தைக் குறைத்தால் வானத்தில் படிப்படியாகப் பட்டை விழும். செங்கல் சுவரில் அவ்வளவு தெரியாது, ஆனால் காரை விரிசலின் மெல்லிய கோடு மழுங்கிவிடும். எங்களுக்கு விரிசல்தான் முக்கியம். ஆகவே சுவர்ப் படங்களைப் பிரித்து எடுத்து 90 வைத்தேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்று தேடிப் போனதில் ஒரு நல்ல கதை கிடைத்தது. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் 'டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்பார்ம்' என்ற கணக்கில் போட்டு, மெதுவான மாற்றம் எவ்வளவு, வேகமான மாற்றம் எவ்வளவு என்று பிரிக்கிறது. நம் கண் அதிகம் கவனிக்காத வேகமான சில்லறைகளை முரட்டுத்தனமாக முழுமையாக்கி எறிந்துவிடுகிறது. நம் எம்-3 பேப்பரில் கொசைனைத் திட்டிக்கொண்டிருந்தோமே, அதே கொசைன்தான்! இதைக் கண்டுபிடித்த நசீர் அகமது பெங்களூரில் பிறந்து அங்கேயே பொறியியல் படித்தவர். 1972-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதினாராம். அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். இதில் ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. 1992-ல் ஜேபெக் தரநிலையாக வந்தபோது அதன் வயிற்றில் இருந்தது இந்தக் கணக்கு. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் "ரொம்ப சிம்பிளா இருக்கேப்பா" என்று கேட்டுவிட்டு முகம் தொங்கிய நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இதெல்லாம் சுலபமான பாதி. சண்டை வந்தது அடுத்த பாதியில்.

ஒவ்வொரு படத்துக்குள்ளும் 'எக்ஸிஃப்' என்று ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. எந்த போன், எந்தத் தேதி, எத்தனை மணி எல்லாம் அதில் இருக்கும். லொகேஷன் போட்டு வைத்திருந்தால் எந்த இடம் என்பதும். நம் கம்ப்யூட்டர் பிரிவுத் தோழி ஒருத்தி, "எல்லாத்தையும் துடைச்சிட்டுப் போடு. ஒண்ணும் இருக்கக் கூடாது" என்றாள். நான் முடியாது என்றேன். தேதி போய்விட்டால் அந்தச் சுவர் எந்தப் புயலுக்கு முன்னால் நின்றது, எதற்குப் பின்னால் விழுந்தது என்று யார் சொல்வது? 2011 'தானே'யா, 2022 'மாண்டஸ்' புயலா? கடற்கரையில் ஒரு சுவரின் போட்டோவுக்குத் தேதிதான் உயிர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 1950-களிலிருந்து எடுத்துச் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோயில் படங்கள் இருக்கின்றன. எந்த ஊர், எப்போது என்பது தெரியாமல் போனால் அவற்றை வைத்து யார் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும்?

அவள் வாதாடவில்லை. ஒரு படத்தைத் திறந்து காட்டினாள், அவ்வளவுதான். அவள் தாத்தா காலத்துக் காகித போட்டோ. கோட்டை வாசலில் குடும்பமே நிற்கிறது. அதை வீட்டுத் தரையில் வைத்துப் போனில் எடுத்திருந்தாள். அதன் லொகேஷனைத் தட்டினால் வரைபடம் நேராக அவள் வீட்டு வாசலில் போய் நின்றது. "இது வெப்சைட்ல போச்சுன்னா, யார் வேணா என் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கலாம். உனக்குப் பரவாயில்லையா?" என்றாள். எனக்கு வாயடைத்தது. இன்னொன்றையும் காட்டினாள். நான் உயிர் என்று சொன்ன அந்தத் தேதி, அவள் போனில் எடுத்த தேதி. தாத்தா நின்ற தேதி அல்ல! அதை அவள் பாட்டியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "பெரியவனுக்கு மொட்டை போட்டுட்டு வந்த வருஷம்" என்று பாட்டி சொல்ல, அதிலிருந்து விரல் விட்டு எண்ணி 1983 என்று வந்தோம்.

கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது இது. எக்ஸிஃப்டூல் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. வெப்சைட்டுக்குப் போகும் பிரதிகளில் இடக்குறிப்பை மட்டும் அதை வைத்து மொத்தமாக அழித்தோம். தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதினோம். போன் வைத்த எண்களுக்குப் பதில் ஆலம்பரை, கிழக்குச் சுவர், வருஷம், மாசம் என்று. காகிதப் படம் என்றால் 'பழைய பிரதி' என்றும் சேர்த்தோம். பெயர் மாற்றும் வேலையும் பேட்சிலேயே முடியும், ஆனால் எது கிழக்குச் சுவர் என்று எந்த மென்பொருளும் சொல்லாது. அதற்கு 214 படத்தையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். மூன்று சாயங்காலம் பிடித்தது.

கூடவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி மாற்று உரை எழுதினோம். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் உரக்கப் படிக்கும். 'கோட்டைப் படம்' என்று எழுதினால் அவருக்கு என்ன கிடைக்கும்? 'பாதி இடிந்த செங்கல் சுவர், பின்னால் உப்பங்கழி, ஒரு படகு' என்று எழுதினால் ஏதோ கிடைக்கும். எனக்கு எழுத்து வராது, பெரும்பாலானவற்றை எழுதியது அந்தத் தோழிதான்.

மூலப்படங்கள் 214-ம் இடக்குறிப்பு உட்பட யூனியன் அறை பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. சாவி செயலாளரிடம். சுனாமிக்கு முந்தைய வடக்குச் சுவர் படம் ஒன்றுகூட இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடப்பாக்கம், இடைக்கழிநாடு, செய்யூர் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பரணில் பழைய ஆல்பம் இருந்தால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். போட்டோவின் பின்பக்கத்தையும் சேர்த்தே எடுத்து அனுப்புங்கள், பென்சிலில் ஏதாவது எழுதியிருப்பார்கள். எடுக்கும் முன் போனில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.