அழிக்க வேணாம் சேர்

ஒரு நாள் காலை, பாடசாலைக்குப் புறப்படுமுன் கணனியைப் போட்டேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். திரை ஒரு கணம் கறுத்துவிட்டு மீண்டும் கடவுச்சொல்லைக் கேட்டது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் அதே கதை.

பழைய கணனி. அதற்குப் பாரமில்லாமல் என் மாணவன் ஒருவன் உபுண்டு போட்டுத் தந்திருந்தான். உம்மாவின் சாச்சி, எனக்கு மூத்தம்மா, பாடிய கவிகளும் தாலாட்டுகளும் அதற்குள்தான் இருந்தன. மொத்தம் 63 பதிவுகள். மூத்தம்மா மௌத்தாகி இரண்டு வருடங்கள். வேறு பிரதி இல்லை. நாளைக்கு எடுப்போம் என்று தள்ளிப்போட்டது என் பிழை.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதிசாப் போடுவம் சேர்" என்றார். கணனியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரவு மாணவனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"பிழையான கடவுச்சொல்லக் குடுத்துப் பாருங்க சேர்."

கொடுத்தேன். பிழை என்று சொன்னது.

"சரியானதுக்கு அப்படிச் சொல்லல்லதானே? அப்ப அது உங்களத் தெரிஞ்சிருக்கு. மேசைத்திரையத்தான் எழுப்ப ஏலாமக் கிடக்கு. அழிக்க வேணாம் சேர்."

வாய் திறக்காத பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டாதே, கேள்வியை மாற்றிக் கேள் என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அதை நானே அவனுக்குப் படிப்பித்துக் காட்டியிருக்கிறேன். கடையில் நின்றபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்தச் சொன்னான். படமோ சுட்டியோ இல்லாத வெறும் கறுப்புத் திரை வந்து என் பெயரைக் கேட்டது. நாம் பார்க்கும் படங்களும் பெட்டிகளும் மேலே ஓடும் இன்னொரு நிரல்தான். அது விழுந்தாலும் அடித்தளம் நிற்கும் என்றான்.

கவிகள் இருந்த இடத்தைத் திறந்தேன். தமிழில் நான் வைத்த பெயர்களெல்லாம் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. நெஞ்சு பதறியது.

"அந்தத் திரைக்குத் தமிழ் காட்டத் தெரியா சேர். பேரெல்லாம் பத்திரமா இருக்கு. எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். 63.

பிறகு 'டிஎஃப்' என்ற கட்டளையைக் கொடுக்கச் சொன்னான். வன்தட்டு 100 வீதம் நிரம்பியிருந்தது. மேசைத்திரை எழும்பும்போது சில சிறு கோப்புகளை எழுத வேண்டுமாம். அதற்குக்கூட இடமில்லை. சுருக்காத ஒலிப்பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் பிடிக்கும். கவிகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மூலப்பதிவுகளை அழித்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன். அவை அழியவில்லை, குப்பைக்கூடைக்குள் கிடந்தன. அவன் சொல்லச் சொல்ல அதை வெறுமையாக்கினேன். கணனியை மீண்டும் தொடக்கினேன். மேசைத்திரை வந்தது.

அடுத்த நாளே இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்று என் அலுமாரியில், மற்றது அவனிடம்.

கவிகள் தப்பின. ஆனால் அந்த மூலப்பதிவுகளில், ஒரு கவிக்கும் மறு கவிக்கும் இடையில், மூத்தம்மா இருமியதும் வெற்றிலை கேட்டதும் "இது போதுமா மனே?" என்று கேட்டதும் இருந்தன. அது பிறகுதான் எனக்கு உறைத்தது. கடைக்காரரிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு வந்து, அவற்றை என் கையாலேயே அழித்திருக்கிறேன்.